படிப்புரைக்கு எத்தனை ரசீது?

கன்னியாகுமரிக்கு வருகிற எவரும் அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. கடலுக்குள்ளே 133 அடி உயரத்தில் வள்ளுவர். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்து வைத்தார்கள். அதிகாரத்துக்கு ஓர் அடி. பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அந்த 38க்குள் ஒன்பதாவதாக உட்கார்ந்திருப்பது விருந்தோம்பல். பத்துக் குறள்கள். வந்தவனை எப்படி வரவேற்க வேண்டும், முகம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் வள்ளுவர் சொல்லி வைத்தார். அதற்கான லைசென்ஸ் எந்த ஆபீசில், எந்த மேசையில் கிடைக்கும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கே அது சரியாகத் தெரியாது.

ஹோம்ஸ்டே பற்றித்தான் சொல்ல வருகிறேன். வீட்டில் காலியாகக் கிடக்கும் ஓர் அறையையோ இரண்டு அறையையோ சுற்றுலா வருகிறவர்களுக்கு ஓரிரு நாள் வாடகைக்கு விடுவது. காலையில் இட்லியோ, ஆப்பமோ, புட்டும் பயறுமோ கொடுத்து அனுப்புவது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குள் இறங்கிப் பார்த்தால் வரி, விதி, மின்சாரம், போலீஸ், சாதி, சாவு என்று எல்லாம் கிடக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதா என்றால், இல்லை. பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவாசல் கடந்ததும் இரண்டு பக்கமும் திண்ணை, மேலே ஓடு வேய்ந்த கூரை. அதற்குப் படிப்புரை என்று பெயர். வழிப்போக்கன் வந்து உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம், இராத்தங்கலாம். காலையில் எழுந்து போகும்போது வீட்டுக்காரன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் வழியம்பலம் இருந்தது. கல்மண்டபம் இருந்தது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் இருந்தது. திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரை நடத்தியது. மதுரையிலிருந்து குமரிக்கு வரும் சாலைக்கும் அதன் சத்திரங்களுக்கும் மங்கம்மாளின் பெயரை இன்னும் சொல்கிறார்கள்.

ஆகா, என்ன அருமையான காலம் என்று உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். ஊட்டுப்புரையில் இலை யாருக்குப் போட்டார்கள்? பிராமணருக்கு. படிப்புரையில் எவன் உட்காரலாம், எவன் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுசீந்திரம் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோவில் கதவே எல்லோருக்கும் திறந்தது. ஆகவே நம்முடைய பழைய விருந்தோம்பலுக்கும் விதி இருந்தது. அது எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதியைவிடக் கொடியது அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

இப்போது ஒரு கணக்குக்காக, பூதப்பாண்டியில் ஓர் ஓய்வுபெற்ற டீச்சரை வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஒருவர் பெங்களூரில், மற்றொருவர் துபாயில். பழைய வீடு, மச்சில் மூன்று அறைகள் சும்மா பூட்டிக் கிடக்கின்றன. சன்னலைத் திறந்தால் மலை தெரியும், நடந்தால் பழையாறு. மகன் சொல்கிறான், 'அம்மா, போனில் போட்டால் ஆள் வரும்.' அறைக்கு 1,500 ரூபாய். வருடத்தில் நூறு இரவு மூன்று அறையும் நிறைந்தால் நாலரை லட்சம். பென்ஷனுக்கு மேலே ஒரு தெம்பு. வீட்டு ஓட்டை மாற்றலாம். பேச்சுத் துணைக்கு ஆள் வந்த மாதிரியும் இருக்கும்.

டீச்சரம்மா நேர்மையானவர். முறைப்படி செய்வோம் என்று கிளம்புகிறார். என்னென்ன வரும் பாருங்கள்.

உள்ளாட்சியில் தொழில் உரிமம். வீடு இனி வீடா, வணிகக் கட்டடமா என்ற கேள்வி, அதற்கேற்பச் சொத்துவரி. 2022இல் ஏற்கெனவே ஏறிய சொத்துவரி. காலைச் சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. காவல் நிலையத்தில் தகவல். வெள்ளைக்காரர் எவராவது வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்கு ஆன்லைனில் அறிக்கை. இது 1946ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இருந்த கடமை. 2025 செப்டம்பரிலிருந்து புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் தொடர்கிறது. வீட்டில் ஒரே ஓர் அறை விட்டாலும் இதில் விலக்கு இல்லை, இருக்கவும் கூடாது. இது போக மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர்ந்தால் தங்கம், வெள்ளி என்று தரம் போடுவார்கள். ஒன்றிலிருந்து ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நல்ல விதி இது, பின்னால் உதவும். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் தனியாக ஒரு பதிவு உண்டு.

பிறகு மின்சாரம். இதுதான் டீச்சரம்மாவின் வயிற்றில் புளியைக் கரைக்கும் இடம். வீட்டு இணைப்புக்கு ஒரு கட்டணம், வணிக இணைப்புக்கு வேறு கட்டணம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், கடைக்குக் கிடையாது. வீட்டு இணைப்பை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியது என்று கண்டால் உரிய கட்டணத்தில் இரண்டு மடங்கு போடலாம். டீச்சரம்மா படுக்கிற அறைக்கு வீட்டுக் கட்டணம், விருந்தாளி படுக்கிற அறைக்குக் கடைக் கட்டணம், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வராந்தா பல்புக்கு எது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். பதில் பலவாக இருக்கும் இடத்தில்தான் கவர் கைமாறும் என்பதை நான் சொல்லித்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

"டீச்சரே, பேசாம போர்டு வைக்காம நடத்துங்கோ. சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு சொல்லிரலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்தவரை, அறுபத்தைந்து வயதில் பொய் சொல்லப் பழக்குகிற ஏற்பாடு இது. ஒரு விதியை நேர்மையானவனால் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால், அதை மீறுகிறவனை மட்டும் திட்டி என்ன பயன்?

இனி வரிக்கு வருவோம். முன்பு தமிழ்நாட்டில் விடுதி அறைகளுக்குச் சொகுசு வரி என்று ஒன்று இருந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்து அதை விழுங்கியது. ஆரம்பத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை என்றார்கள். 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போயிற்று. ஏழைப் பக்தன் எண்ணூறு ரூபாய் அறையில் படுத்தாலும் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம் என்று குறைத்தார்கள். குறைத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்கிறவர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. டீச்சரம்மா மூன்று அறையையும் 365 நாளும் விட்டாலும் 16,42,500 ரூபாய்தான். வரம்புக்குள் இருக்கிறார். விருந்தாளி நேரே போன் செய்து வந்தால் வரி கிடையாது. அதே விருந்தாளி, அதே அறை, அதே தலையணை, ஆனால் ஆன்லைன் கம்பெனி மூலம் வந்தால் அந்தக் கம்பெனி வரியைக் கட்டியாக வேண்டும். சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு ஐந்தாம் உட்பிரிவு அப்படிச் சொல்கிறது. அதாவது வரி அறைக்கு இல்லை, எந்த வாசல் வழியாக வந்தாய் என்பதற்கு. இதற்கு நியாயம் சொல்ல முடியும், சொல்லுகிறார்கள். கம்பெனியைப் பிடிப்பது சுலபம், ஊரெங்கும் சிதறிக் கிடக்கிற டீச்சரம்மாக்களைப் பிடிப்பது கஷ்டம். சரி. ஆனால் பிடித்த பணம் எங்கே போகிறது?

நாலரை லட்சமும் ஆன்லைனில் வந்தது என்று வையுங்கள். 5 சதவீதம் என்றால் 22,500 ரூபாய். பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. பூதப்பாண்டிக்கு? நேராக ஒரு சல்லிக்காசு கிடையாது. விருந்தாளி குடித்த தண்ணீர் பூதப்பாண்டியுடையது. அவன் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் குனிந்து பொறுக்கியது ஊரின் தூய்மைப் பணியாளர். அவன் கார் நிறுத்தியது ஊர்த் தெருவில். மாநில நிதி ஆணையம் வழியாகச் சுற்றி வளைத்து ஒரு பங்கு உள்ளாட்சிக்கு வருமே என்பீர்கள். வரும். அதற்கு முக்கியமாகப் பார்ப்பது குடியிருப்பவர்களின் தலைக்கணக்கை. 2011இல் எண்ணியபோது குமரி மாவட்டத்தில் 18,70,374 பேர். அதற்கடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப் போயிற்று. சபரிமலை சீசனில், கார்த்திகை முதல் தை வரை, கன்னியாகுமரியின் தெருவில் தோளோடு தோள் இடித்து நடக்கிற கூட்டம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அவர்கள் வேறு ஊரில் எண்ணப்பட்டவர்கள். ஆனால் அவர்களின் மலமும் சிறுநீரும் எச்சில் இலையும் இங்கேதான் சேர்கிறது.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்? வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில், பகலில் வந்து பகலில் போகிறவனிடம் 5 யூரோ வாங்கியது. இரவு தங்குகிறவனுக்கு அது இல்லை, ஏனென்றால் அவன் தங்கும் விடுதியிலேயே நகரத்துக்கு ஒரு வரி கொடுத்துவிடுகிறான். பூட்டான் இந்தியரிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வாங்குகிறது. இரண்டிலும் வந்தவனுக்குத் தெரியும், இந்தப் பணம் இந்த இடத்துக்காக என்று. நம்மிடம் வந்தவனுக்கு அப்படி எதுவும் தெரியாது. கார் நிறுத்த ஒரு சீட்டு, கழிப்பறைக்கு ஐந்தோ பத்தோ, படகுக்கு ஒரு வரிசை. கொடுத்த பணம் ஏலம் எடுத்தவருக்குப் போயிற்றா, ஊருக்குப் போயிற்றா என்று அவன் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம், 37 கோடி ரூபாய்ச் செலவில், 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். பெருமைதான். பாலத்தின் மேலே நின்று கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம். உள்ளாட்சியின் வரவு செலவையும் அப்படிப் பார்க்க ஒரு கண்ணாடி வைத்தால் தேவலை.

இது வரைக்கும் டீச்சரம்மா கட்சி பேசினேன். இனி மறுபக்கம்.

ஹோம்ஸ்டே என்ற பலகை மாட்டிய எல்லாம் வீடா? நாலு மாடி, இருபது அறை, வாசலில் வாட்ச்மேன், வீட்டுக்காரர் எங்கோ வெளிநாட்டில். அதற்குப் பெயர் வீடா, லாட்ஜா? லாட்ஜ் என்றால் தீயணைப்புத் துறைச் சான்று வேண்டும், கட்டட அனுமதி வேண்டும், பொது சுகாதாரச் சட்டம் வரும். 1939ஆம் ஆண்டின் சட்டத்திலேயே தங்கும் விடுதிகளுக்கு விதி இருக்கிறது. ஹோம்ஸ்டே என்று எழுதிவிட்டால் இவ்வளவையும் தாண்டிக் குதித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. டீச்சரம்மாவின் எளிமையை முகமூடியாகப் போட்டுக்கொண்டு முதலாளி வருகிறான்.

இதன் விலை என்ன என்று நீலகிரியைக் கேட்க வேண்டும். யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை மூட 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பையே உறுதி செய்தது. அதற்குப் பிறகும் 2021 ஜனவரியில் மசினகுடி அருகே, விடுதி ஒன்றிலிருந்து எரிகிற டயரை ஒரு யானையின் மேல் எறிந்தார்கள். காதில் ஒட்டிக்கொண்டு எரிய, அது ஓடிய காட்சியை நாடே பார்த்தது. யானை செத்தது. அதற்குப் பின்னால்தான் உரிமம் இல்லாத விடுதிகளைத் தேடித் தேடிச் சீல் வைத்தார்கள். அதுவரை அவை என்ன, மண்ணுக்கடியிலா இருந்தன? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. மலை தாங்கும் அளவு என்ன என்று ஊராட்சி கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீதிபதி கேட்டார்.

விதி என்றாலே லஞ்சம் வாங்க ஒரு வழி என்று நினைக்கிற மனம் நமக்கு. நியாயமான கசப்புதான். ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் சங்கிலியோடு வெந்து செத்ததும், 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கருகியதும் விதி இருந்ததால் அல்ல. இருந்த விதியை யாரும் பார்க்காததால். ஒரு கட்டடத்துக்குள் அந்நியர்களைப் படுக்க வைக்கிறோம் என்றால், இரவு இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் வெளியே வர இரண்டாவது வழி உண்டா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்விக்குக் கட்டணம் இல்லை, விலக்கும் இல்லை.

உலகமும் இதே முடிச்சோடுதான் திணறுகிறது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்க வழியில்லாத இரண்டு இளைஞர்கள், காற்றடைத்த மெத்தையை வீட்டுக் கூடத்தில் போட்டு ஆள் பிடித்ததில் ஆரம்பித்தது ஏர்பிஎன்பி. கூடத்து மெத்தை, பிறகு தெருத் தெருவாக வீடுகளை விழுங்கியது. சொந்த ஊர்க்காரனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. நியூயார்க் 2023 செப்டம்பரில் கண்டிப்பாகச் சொன்னது: முப்பது நாளுக்குக் குறைவாக விட்டால் பதிவு செய், வீட்டுக்காரன் கூடவே இரு, இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, 2028 நவம்பரோடு முடிந்தது என்று 2024இல் அறிவித்தது. ஜப்பான் 2018இல் சட்டம் போட்டு வருடத்துக்கு 180 நாள் என்றது. ஆம்ஸ்டர்டாம் 30 இரவு என்றது. ஒவ்வோர் ஊரும் தன் நெருக்கடிக்கு ஏற்ற கோட்டைக் கிழித்தது. நாம் பார்சிலோனா இல்லை. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும். நமக்கு வேண்டிய கோடு வேறு. ஆனால் கோடே இல்லாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

அந்தக் கோடு எது? என் கட்சி இது: வீட்டுக்காரர் அதே கூரையின் கீழ் படுக்கிறாரா, இல்லையா. அவ்வளவுதான். படுக்கிறார் என்றால் அது வீடு. மூன்று அறை வரைக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே இடம், முப்பது நாளுக்குள் பதில், பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகப் பொருள். மின்சாரமும் சொத்துவரியும் வீட்டுக் கணக்கில். தீயணைப்புக் கருவி, நல்ல கழிவுநீர்த் தொட்டி, வந்தவர் பெயர் எழுதும் ஏடு, இவை கட்டாயம். படுக்கவில்லை என்றால், அது எத்தனை அழகான பெயர் வைத்திருந்தாலும் லாட்ஜ். லாட்ஜுக்குரிய எல்லாமும் கட்டட்டும். பதிவு எண்ணை வாசலிலும் ஆன்லைன் விளம்பரத்திலும் போட வேண்டும். எண் இல்லாத வீட்டைக் கம்பெனி காட்டக் கூடாது. விருந்தாளி ஒருவருக்கு இரவுக்கு இருபது ரூபாய் ஊருக்கு. டெல்லிக்கும் அல்ல, சென்னைக்கும் அல்ல, ஊருக்கு. மாதம் எவ்வளவு வந்தது, எந்தக் கழிப்பறைக்குச் செலவானது என்று பேருந்து நிலையத்தில் பலகை வைக்கட்டும். மத்திய பட்ஜெட்டில் 2025இல் ஹோம்ஸ்டேக்கு முத்ரா கடன் உண்டு என்று அறிவித்தார்கள். கடன் தருகிற கையும் நோட்டீஸ் தருகிற கையும் ஒரே அரசின் கைகள்தாம். ஒன்றையொன்று ஒருமுறை சந்தித்துக்கொள்ளட்டும்.

இனி, நினைவில் வையுங்கள் என்று சொன்ன விஷயம். எனக்கு இதில் முக்கியமே அதுதான்.

வீட்டுக்குள் ஆளைத் தங்க வைக்கிறோம் என்றதும் நம்மவர் வாயில் முதலில் வருகிற கேள்வி என்ன? "எந்த ஊரு?" அடுத்தது "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள். பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டு, சாப்பாட்டைக் கேட்டுச் சுற்றி வளைத்து வருவார்கள். பிடிக்கவில்லை என்றால், "அறை காலி இல்லியே" என்று விடும். காலியாக இருப்பது சன்னல் வழியாகத் தெரியும். முஸ்லிம் பெயருக்கும் இதே பதில் கிடைக்கிற ஊர்கள் உண்டு. கேட்டால், 'என் வீடு சார், நான் யாரை வேண்டுமானாலும் வைப்பேன்' என்பார்கள்.

அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, ஓட்டல் முதலான பொது இடங்களில் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஓட்டலிலோ தர்மசாலையிலோ இடம் மறுத்தால் தண்டனை உண்டு என்கிறது. ஓட்டல் என்ற சொல்லுக்குள் தங்கும் விடுதியும் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே பதிவு என்பது வெறும் வரிக்கான ரசீது இல்லை. பணம் வாங்கும்போது விடுதி, ஆளை விரட்டும்போது வீடு என்ற இரட்டை வேடம் கூடாது என்பதற்கான கையெழுத்து அது. பதிவு எண் மாட்டிய வாசலில், அறை காலி இருக்கும்போது, பணம் கொடுக்கத் தயாராக வந்த மனிதனைப் பிறப்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. படிப்புரைக்கு அந்தக் காலத்தில் இல்லாத தகுதியை இந்தக் காலத்து ரசீது கொடுக்கும். வாங்கலாம், தப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் எழுத முடியாதது.

2024 மே 6ஆம் தேதி, கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்கு வந்த பிள்ளைகள். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அப்போது வந்திருந்தது. கள்ளக்கடல் என்ற சொல் நம் கடற்கரைக்காரனுடையது. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். எங்கோ தூரத்துத் தென்கடலில் கிளம்பிய அலை, திருடன் மாதிரி வந்து அடிக்கும். வானிலை அறிவியலும் இன்று அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. மீனவனுக்கு அது தெரியும். அவன் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. அவனுக்குக் கடல் அழகாக இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வீட்டுக்காரர் கூட இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகவும்தான். சாவியைப் பெட்டிக்குள் வைத்து, நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் உரிமையாளர், "மக்கா, இன்னைக்குக் கடல் சரியில்ல, கால் நனைக்காண்டாம், வட்டக்கோட்டைக்கு வேணும்னா போயிட்டு வாங்கோ" என்று சொல்ல முடியாது. முட்டத்துப் பாறையில் எந்த இடம் வழுக்கும், திற்பரப்பில் எப்போது தண்ணீர் கூடும், மருந்துவாழ் மலையில் எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதுதான் ஹோம்ஸ்டே. மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பழத்தைக் கையில் கொடுத்து, தோலை எப்படி உரிப்பது என்று காட்டுகிற ஆளுக்குக் குறியீடு கிடையாது. அவரைத்தான் நாம் விதிகளால் விரட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் போன இடத்தில் சாவிப்பெட்டி வருகிறது.

அடுத்த முறை நீங்கள் எங்காவது சுற்றுலா போகும்போது, அது குமரியோ, ஏற்காடோ, வால்பாறையோ, ஹோம்ஸ்டே என்று பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? நீங்கள் இந்த வீட்டிலேயே இருக்கிறீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் போங்கள். அந்த டீச்சரம்மாவுக்கு வாடகை கொடுத்த பிறகு, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால், பக்கத்தில் நல்ல லாட்ஜ் ஏதாவது இருக்கும். அவர்கள் பலகையில் லாட்ஜ் என்றாவது உண்மையாக எழுதியிருக்கிறார்கள்.

உள்ளாட்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தோம்பலுக்கு அதிகாரம் வைத்தவர்தான் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் சிலையின் உயரம் 133 அடி.